அத்தை கட்டிய பூச்சி

அணைக்கட்டில் சாந்துச் சட்டிகளுக்கு நடுவே என்னோடு வளர்ந்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது என் அத்தையை நினைவிருந்தால், எப்படி நினைவிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தம்பி பிள்ளைக்குச் செய்வினை வைத்தவள். ஊரே கூடி நின்ற இடத்தில் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டவள். நீங்களும் அங்கே நின்றிருப்பீர்கள், பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு. நான் எல்லாருக்கும் முன்னால் நின்றேன். அது எங்கள் வீட்டு விவகாரம்.

அந்தக் கோடையில் நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மீதியை நானே கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். நமக்கெல்லாம் காது மந்தமாகிவருகிறது. கேட்கிற காது இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

கோமுகி அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம். அப்பா கல் சுமந்தார், அம்மா சாந்து சுமந்தாள். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டி எங்கள் கூரை வீடு. எனக்குப் பத்து வயது இருக்கலாம். தம்பிக்கு மூன்று நடந்தது. மாசி முடியும் நேரத்தில் அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்து நீலகிரிக்கு அனுப்பியிருந்தார்கள். மாமா அங்கே மீன் வாட்சர். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் மீனைக் கப்பலில் கொண்டுவந்து விட்டு வளர்த்த மலையோடைகளை, வேறு யாரும் கை வைக்காமல் காவல் காப்பது அவர் வேலை. சுதந்திரம் வந்து துரைமார் ஒவ்வொருவராகப் போன பிறகும் அந்த மீன்கள் இருந்தன. பிடிக்கிறவர்களும் வேறு வேறு ஆட்களாக வந்துகொண்டிருந்தார்கள். மாமாவின் வேலையும் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மார்ச்சளி கண்டு மாமா போய்விட்டார். குழந்தை இல்லை. வாட்சருக்குக் கொடுத்த வீட்டில் வாட்சரின் பெண்சாதி மட்டும் எப்படி இருப்பது?

ஒரு தகரப்பெட்டியும் நீளமான ஒரு துணி உறையுமாக வந்து நின்றாள். உறையைப் பார்த்த அம்மா துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு என்னைத் தொடவிடவில்லை. நம் பக்கத்து வெயிலிலும் அத்தை பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். யூகலிப்டஸ் தைலமும் ஈர விறகுப் புகையும் கலந்த வாசனை அதிலிருந்து வந்தது. அந்த வாசனை போக ஒரு மாதம் ஆனது. போன பிறகுதான் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

உறைக்குள் இருந்தது தூண்டில் கோல். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே மெருகு பூசியிருந்தது. மூன்று துண்டுகள். பித்தளைக் குழலில் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் ஆளைவிட உயரமாக வரும். நுனி தென்னை ஈர்க்கைவிட மெல்லிசு. ஊருக்குப் போன ஒரு துரை மாமாவுக்கு விட்டுப்போனது. தகரப்பெட்டிக்குள், புடவைகளுக்கு அடியில், பழைய புகையிலை டப்பா ஒன்று இருந்தது. அதில்தான் பூச்சிகள்.

நிஜப் பூச்சி இல்லை. தூண்டில் முள்ளின்மேல் நூலையும் இறகையும் மயிரையும் சுற்றிச் செய்தவை. பொய்ப்பூச்சி என்பாள் அத்தை. நீலகிரியில் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் கட்டிக் கொடுத்தாளாம். ஒரு துரைசாணி காட்டிக்கொடுத்த வேலை. பெரிய பூச்சி என்றால் அரிசி அளவு. சின்னது எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அவ்வளவு சின்ன முள்ளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மயில் இறகில் ஓர் இழையை உருவிச் சுற்றினால் பச்சைப் பளபளப்போடு உடம்பு வந்துவிடும். சேவலின் கழுத்துத் தூவியில் கால். அணில் வாலில் மீசை. எல்லாவற்றிலும் சின்னதற்கு இதெல்லாம் கனம் என்று, தலை சீவும்போது சீப்போடு வரும் நரைமயிரைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொள்வாள். கறுப்பு நூலில் நாலு சுற்று, அதன்மேல் ஒரு துணுக்கு நரைமயிர். இறக்கை ஆகிவிட்டது.

நூலுக்காகக் கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கு ஒரு தரம் என்னை அழைத்துப் போனாள். நூல் கடை பாய் எடுத்துப்போட்ட கண்டுகளையெல்லாம் பிரித்துப் பார்த்து, இதைவிட மெல்லிசு, இதைவிட மெல்லிசு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “கொசுவுக்குச் சட்டை தைக்கப்போறீங்களாம்மா?” என்றார். அத்தை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “ஆமாங்க பாய், கொசுவுக்குத்தான்” என்றாள்.

பங்குனி பிறந்ததும் ஓடை ஓடுவதை நிறுத்திக்கொண்டது. பாறை இடுக்குகளில் மடு மடுவாகத் தண்ணீர் நின்றது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடுகூடத் தெரியும், அப்படி ஒரு தெளிவு. மீன் இருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள் போட்ட வெள்ளி மீன், கோட்டுக்கெண்டை என்போமே, அது. ஆனால் மனித நிழல் விழுந்தாலே பாறைக்கு அடியில் போய்விடும். மண்புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வலை வீசினால் பாறையில் சிக்கிக் கிழியும்.

அம்மா வேலையிலிருந்து திரும்பியதும் அத்தை கோலை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பொம்பளை தனியாகப் போகக் கூடாதென்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்புவாள். தம்பி அழுதுகொண்டே பின்னால் ஓடிவருவான். அத்தை அவனை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். மடுவுக்குப் போனதும் தண்ணீரைப் பார்க்க மாட்டாள், கரையோரச் செடிகளில் சிலந்தி வலை தேடுவாள். அன்றைக்கு எந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து கிளம்பியிருக்கிறதோ அது வலையில் மாட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்து அதே மாதிரி ஒன்றை எடுப்பாள்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி வெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம் உண்டு. அப்போது தண்ணீருக்கு மேலே, கடிக்காத பொடிக் கொசுக்கள் புகை மாதிரி கூடும். மீன்கள் மேலே வந்து அவற்றை உறிஞ்சும். சத்தமே இருக்காது, ஒரு மழைத்துளி விழுந்தது போல வட்டம் மட்டும் விரியும். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் அத்தை கோலை அசைப்பாள். மெழுகு தேய்த்த பட்டுக் கயிறு அவள் தலைக்குப் பின்னால் போய் நீளும், முன்னால் வந்து நீளும், மறுபடியும் பின்னால் போகும். பிறகு அவசரமே இல்லாமல் தண்ணீர்மேல் படுக்கும். அதன் நுனியில் மயிரிழை போன்ற நரம்பு, நரம்பின் நுனியில் அந்தப் பொய்ப்பூச்சி. அது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அத்தைக்கும் தெரியாதாம். உத்தேசமாக ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே வட்டம் விரிந்தால் கையை லேசாகத் தூக்குவாள். கோல் வளையும். ஓரிடத்தில் நிற்காத என் தம்பி, அந்த நேரத்தில் மட்டும் வாயைத் திறந்தபடி பாறைமேல் உட்கார்ந்திருப்பான்.

அந்தக் கோடையில் அணையில் வேலை விட்டு விட்டுத்தான் நடந்தது. பல வீடுகளில் கூழுக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும்தான். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தாள். தாலியறுத்தவள் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறாளே என்று ஊர் முதலில் சிரித்தது. கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஆம்பிளைகள் பொழுதெல்லாம் புழுவோடு உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் மடுவில், புழுவும் இல்லாமல் வலையும் இல்லாமல், ஒரு பொம்பளையிடம் மீன் வருகிறது என்றால் எப்படி வருகிறது?

அத்தைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பிடித்த மீனின் குடலைக் கீறி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கி, குச்சியால் பிரித்துப் பார்ப்பாள். மீன் என்ன தின்றது என்று தெரிந்தால்தானே அதைப் போலக் கட்ட முடியும். எது எத்தனை கறுப்பு, எது எத்தனை சாம்பல் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள். அடுத்த வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். குடலைக் கலக்கிப் பார்க்கிறாள், முணுமுணுக்கிறாள், அப்புறம் தலைமயிரும் இறகும் எடுத்து முள்ளில் கட்டுகிறாள். இன்று யோசித்தால் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்ததைத்தான் நாலு பேரிடம் சொன்னார்.

அம்மாவுக்கும் மனசுக்குள் ஒன்று இருந்தது. பகலெல்லாம் அவள் சாந்து சுமக்க, தம்பி அத்தையிடம் வளர்ந்தான். சாயங்காலம் அம்மா வந்து கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அம்மா வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை.

சித்திரைக் கடைசியில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சளி என்றுதான் நினைத்தார்கள். கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், அவனால் விழுங்க முடியவில்லை. மறுநாள் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கிவிட்டது. வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுதால் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மூச்சு இழுக்கும்போது ஈர மரத்தை அறுப்பது போலச் சத்தம் கேட்டது. அத்தை அவனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தாள். தொண்டைக்குள் சாம்பல் வெள்ளையில் தோல் மாதிரி படிந்திருந்தது. அவள் முகம் மாறிப்போனது.

“எஸ்டேட்டுல ஒரு புள்ளைக்கு இப்படித்தான் வந்துச்சி” என்றாள் அம்மாவிடம். “இது சளி இல்லம்மா. இப்பவே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போயிடலாம்.”

அப்பா அதற்குள் பூசாரிக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவர் உச்சிப்பொழுது தாண்டி வந்தார். எங்கள் வாசலில் கோலம் போட்டு, உடுக்கை அடித்து, ஆடி ஓய்ந்து, தலைமயிரும் இறகும் சேர்த்துக் கட்டிய சாமான் ஒன்று இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றார். வைத்தவர் கையாலேயே எடுக்க வேண்டும், எடுக்காமல் பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டினால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார். அவருக்குச் சாமி சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை, ஊர் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். தகரப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து புகையிலை டப்பாவைப் பூசாரி முன்னால் வைத்தாள். அவர் குச்சியால் மூடியைத் தள்ளினார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அத்தனை முள், அத்தனை மயிர்.

அப்பா, “இன்னாக்கா இது?” என்று கேட்டார். அவருக்கு அது என்ன என்று தெரியும். அதில் பிடித்த மீனைத் தின்றிருக்கிறார். ஆனாலும் கேட்டார்.

“மீனுக்குக் கட்டனதுடா. உனக்குத் தெரியாதா?” என்றாள் அத்தை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். குடல் பார்த்ததைச் சொன்னார்கள், பிள்ளையில்லாத வயிறு என்றார்கள். யாரோ அடிக்க வேண்டும் என்றார்கள். அத்தை திரும்பத் திரும்ப இல்லை என்றாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், என்னை அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றாள். எடுக்காமல் எல்லை தாண்டக் கூடாது என்று பூசாரி அசையவில்லை. அப்பாவும் அசையவில்லை. உள்ளே தம்பியின் மூச்சுச் சத்தம் எல்லாப் பேச்சுக்கும் நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது.

அணைக்கட்டிலிருந்து சாமான் லாரி ஒன்று பொழுது சாயும் நேரத்தில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும். அதை விட்டால் மறுநாள் காலைவரை நம் பக்கம் வண்டி கிடையாது. வெயில் மலை உச்சியை நெருங்கிவிட்டிருந்தது. அத்தை அதை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பூசாரியிடம் கேட்டாள்:

“எடுத்துட்டா புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போலாங்களா?”

எடுத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார் அவர்.

“நான்தான் வெச்சேன்” என்றாள் அத்தை. “எனக்குப் புள்ள இல்ல. வயித்தெரிச்சல்ல வெச்சேன். நானே எடுத்துடறேன்.”

அத்தையே அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துவந்து, வாசலில் சருகைக் கூட்டிப் பற்றவைத்து, டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். நாலைந்து வருஷத்து வேலையாக இருக்கும் அது. மயிரும் இறகும் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. முட்கள் கறுத்துச் சாம்பலில் கிடந்தன. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எடுத்தாச்சி. லாரி கெளம்பறத்துக்குள்ள ஓடுங்க” என்றாள்.

அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அத்தையை யாரும் தொடவில்லை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். இருட்டுவதற்குள் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றார்கள். தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கீழ்ப்பாதையில் கூட்டம் நின்றதால், மலைப்பாதையில் ஏறினாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று ஏதோ சொல்ல வந்தாள். நான் வீட்டுக்குள் ஓடிப்போனேன். நானும் நம்பியிருந்தேன். தன் வாயாலேயே சொன்ன பிறகு எப்படி நம்பாமல் இருப்பது? கோலை அவள் எடுக்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பூசாரி வீட்டுச் சுரைக்கொடிக்கு ரொம்ப நாள் கொழுகொம்பாக நின்றது. பித்தளைக் குழல் பச்சை பிடித்து, பிறகு காணாமல் போனது.

தம்பி பிழைத்தான். குரல் மட்டும் கரகரத்துப் போயிருந்தது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளில் ஊர் பூசாரிக்கு மாலை போட்டது. வைத்தவள் எடுத்தாள், பிள்ளை பிழைத்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அப்பா அதன்பிறகு மீன் தின்னவே இல்லை. அக்கா என்ற சொல்லையும் சொல்லவில்லை. கல் தூசியில் இருமி இருமி, என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அவர் நம்பினாரா, நம்பியது போல் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னை எலவனாசூர்கோட்டையில் கொடுத்தார்கள். முதல் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த நர்சம்மா, பயந்துகொண்டு நின்ற எங்களையெல்லாம் உட்காரவைத்து, எந்த நோய்க்கு என்று விளக்கினார். கழுத்து வீங்கும், தொண்டையில் வெள்ளையாகத் தோல் படியும், மூச்சு அடைத்துக்கொள்ளும், குழந்தைக்குக் குழந்தை தொற்றும், முற்றுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியில் பிழைக்கவைக்கலாம் என்றார். தொண்டை அடைப்பான் என்று பெயர் சொன்னார். அவர் அடுத்த நோய்க்குப் போய்விட்டார். என் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுவது ரொம்ப நேரம் கழித்துத்தான் காதில் விழுந்தது.

பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மா வந்தபோது சொன்னேன். அத்தை ஒன்றும் வைக்கவில்லை, அது ஒரு நோய், லாரியைப் பிடிப்பதற்காக அத்தை பொய் சொன்னாள் என்றேன். அம்மா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள்.

டாக்டர் அன்றிரவே திட்டினாராம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளையைக் கையில் வாங்கியிருக்க முடியாது, இது தொற்றுகிற நோய், இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. ஊசி போட்டு, தம்பியின் மூச்சு மெல்ல மெல்லச் சீராக இறங்கியபோது அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அப்ப ஏம்மா சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது? டப்பாவ எடுத்தாந்து குடுத்தவளே நான்தானே” என்றாள். தூளிக்குள் பிள்ளை தூங்கிப்போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் மலைக்குப் போக வேண்டும் என்றாள்.

அத்தை வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஒரு மலைக்காரக் குடும்பத்தின் கொல்லையில் இருக்கிறாள் என்று யார் யாரோ சொல்லிக் கேட்டிருந்தோம். ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போய் இறங்கி, விசாரித்து நடந்தோம். சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். பாதியாகச் சுருங்கியிருந்தாள், தலை முழுக்க வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழுந்தவள், முதலில் கேட்டது தம்பியைத்தான். அவன் குரல் தெளிந்ததா என்று கேட்டாள். கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, ஆனால் நன்றாகப் பாடுகிறான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

குடிசைக்கு அழைத்துப்போய்ச் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டாள். அவள் கையால் நம் ஊரில் ஒருவரும் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றாள். தட்டு காலியானதும் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க, அண்ணி.”

அத்தை போட்டாள். அம்மா மறுபடி கேட்டாள், அத்தை மறுபடி போட்டாள். சோறு தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அத்தைக்கு மிச்சம் இருந்ததா என்று தெரியாது.

நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், ஏன் அத்தை அப்படிச் சொன்னாய் என்று. அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இல்ல இல்லன்னு சொல்லிக்கினே நின்னிருந்தா பொழுது போயிருக்கும்” என்றாள். ஏதோ மழைக்கு முன்னால் வடகத்தை எடுத்து உள்ளே வைத்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

மீன் பிடிக்கிறாயா என்று கேட்டேன். முள்ளுக்கு எங்கே போவது என்றாள். சாயங்காலம் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. பூச்சி கூடும், மீன்கள் மேலே வந்து தின்றுவிட்டுப் போகும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். கீழே வந்துவிடுங்கள் என்று அம்மா அழுதும் அவள் அசையவில்லை.

ஊருக்கு வந்ததும் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மறுநாளே மலையேறினான். பிறகு அவன் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டர் ஆனதுகூட அவள் பக்கமாக இருக்கத்தான் என்று நினைக்கிறேன். அரிசியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பான். முடியாமல் கிடந்த கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்தான். அவன் மடியில்தான் உயிர் போனது.

அப்போது உங்களில் பலர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் போயிருந்தீர்கள். அதனால் இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் ஊர்ச் சுடுகாட்டில்தான் எரிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். உடம்பை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எல்லையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வைத்த பொம்பளையின் உடம்பு ஊருக்குள் வந்தால் பிள்ளைகுட்டிகளுக்கு ஆகாது, மலையிலேயே வைத்துவிடுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். தம்பி கைகலக்கத் தயாராக இறங்கினான். அம்மா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

“அவங்க ஒண்ணும் வெக்கல. லாரிய வுட்டுடக் கூடாதுன்னு பொய் சொன்னாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிகினே இத்தினி வருஷமா வாய மூடிக்கினு இருந்தவ நான். துப்பறதுன்னா என் மேல துப்புங்க” என்றாள்.

யாரும் துப்பவில்லை. ஒருவர் ஓரமாக ஒதுங்கினார். பிறகு இன்னொருவர். சிலர் கடைசிவரை ஒதுங்கவே இல்லை, வேன் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

வாசலில் தம்பியைப் பலகையில் உட்காரவைத்தார்கள். சவரம் செய்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். பெற்றவள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அத்தைக்காக மகனுக்கு மொட்டை போடுவது வழக்கமில்லை என்று தயங்கினார்.

“அவனுக்கு அம்மா ரெண்டு பேருங்க. மூத்தவங்க பூட்டாங்க” என்றாள் அம்மா. “அடிங்க.”